ஸ்கேனர் பிறகு, முதலில் நல்ல லைட்

முன்னேஸ்வரத்திலும் சிலாபத்திலும் இன்னும் சில வீட்டு அலுமாரிகளுக்குள் ஸ்லைட் பெட்டிகள் கிடக்கின்றன. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த மாமாக்கள் எடுத்த திருவிழா, தேர், கல்யாணப் படங்கள். களப்புக் காற்றின் ஈரம் போதும், பூஞ்சணம் பிடிக்க. அதனால் இவற்றை கம்ப்யூட்டருக்கு ஏற்றவேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சண்டை, எதை வாங்குவது என்பதில்தான்.

எங்கள் கட்சி இது: ஸ்கேனர் வாங்க வேண்டாம். யாரிடமாவது இருக்கும் கமராவையும் மக்ரோ லென்ஸையும் இரவல் கேளுங்க. கையிலிருக்கும் காசை நல்ல லைட்டில் போடுங்க.

பிரிண்டரோடு சேர்ந்து வரும் ஸ்கேனர் இதற்கு உதவவே உதவாது. அது கடதாசியில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் படிப்பது. ஸ்லைட்டுக்கு வெளிச்சம் ஊடே போகவேண்டும். எப்சன் வி600 போன்றவற்றில் மூடியிலேயே லைட் இருக்கிறது, ஒரே தடவையில் நாலு ஸ்லைட் வைக்கலாம். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 6400 டிபிஐயை நம்பாதீங்க. உண்மையில் கிடைக்கும் விவரம் அதில் பாதியைக்கூடத் தொடாது. நிக்கன் கூல்ஸ்கேன் அருமையான சாமான்தான், ஆனால் உற்பத்தி நின்று பல வருடமாகிவிட்டது. பழுதானால் உதிரிப்பாகத்துக்கு எங்கே போவது? ஒன்லைனில் விற்கும் குட்டிப் பெட்டி ஸ்கேனர்கள் பெரும்பாலும் ஜேபெக் மட்டும்தான் தரும். இரவுத் திருவிழாப் படத்தில் தீவெட்டி வெள்ளைத் திட்டாகவும், அதைச் சுற்றி நிற்கிற முகங்கள் கறுப்பாகவும் போய்விடும். முகம்தானே நமக்கு வேணும்!

கணக்குப் பாருங்க. ஸ்லைட்டில் படம் 24க்கு 36 மில்லிமீற்றர். அதை 4000 டிபிஐயில் ஸ்கேன் பண்ணினால் சுமார் 21 மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் கமராவில் சட்டம் நிறைய ஒரு க்ளிக் அடித்தாலே அந்த அளவு வந்துவிடுகிறது. ஐஎஸ்ஓ 100, எஃப் 8, இரண்டு செக்கன் டைமர், ரோ ஃபைல். அவ்வளவுதான்.

லைட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சிஆர்ஐ 95க்கு மேல் உள்ள எல்ஈடி பேனல் தேடுங்க. மலிவான எல்ஈடியில் ஆழ்ந்த சிவப்பு குறைவு, குங்குமமும் பட்டுச் சேலையும் செத்துப்போகும். ஃபோன் திரையை லைட்டாகப் பாவித்தால் அதன் புள்ளிகள் படத்தில் விழும். நடுவில் வெள்ளை அக்ரிலிக் வைத்து, ஸ்லைட்டைக் கொஞ்சம் உயர்த்தவேண்டும்.

தூசியை ரப்பர் ஊதியால் தட்டுங்க, வாயால் ஊதாதீங்க. பூஞ்சணத்தைத் தண்ணீரால் துடைக்கவே கூடாது, அது அரித்த இடத்தில் ஜெலட்டின் கரைந்து படமும் சேர்ந்து வந்துவிடும். சில ஸ்கேனர்கள் அகச்சிவப்பால் தூசியைத் தானே அழிக்கும் என்பார்கள். சட்டத்தில் ‘கோடாக்ரோம்’ என்றிருந்தால் அந்த வசதி பெரும்பாலும் சொதப்பும். 1935இல் வந்து 2009இல் உற்பத்தி நின்ற அந்த பிலிமின் நிறம் இருட்டில் வைத்தால் நன்றாகத் தாங்கும், புரொஜெக்டரில் திரும்பத் திரும்பப் போட்டால்தான் மங்கும். ஆகவே ‘கடைசியா ஒருதரம் சுவரில போட்டுப் பார்ப்பம்’ என்ற ஆசையை அடக்கிக்கொள்ளுங்க.

ஒரு தெருவுக்கு ஒரு செட் போதும். மிச்சப்பட்ட நேரத்தைப் பெயர்களுக்குக் கொடுங்க. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்ற இடங்களுக்குப் பிரதி கொடுக்க நினைத்தாலும், யார், எங்கே, எந்த வருடம் என்று தெரியாத படத்தால் பெரிய பயன் இல்லை. தேர்வடம் பிடித்து நிற்பவர்களைப் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய அம்மம்மாக்கள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். சட்டத்தில் பென்சிலால் இலக்கம் போடுங்க, அதே இலக்கத்தில் ஃபைலைச் சேமியுங்க. அம்மம்மாவுக்குப் பக்கத்தில் லெப்டொப்பை வைத்து, ஃபோனில் ரெக்கோர்டிங்கை அமத்திவிட்டு, ஒவ்வொரு படமாகக் காட்டுங்க.