உடலைக் கெடுக்கும் அடுப்படி வேலையை விடலாமா?

சில மாதங்களுக்கு முன்பு எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்த ஒருவருடைய குறிப்பேட்டில் மூன்று முறை ஒரே வரி எழுதப்பட்டிருந்தது: 'மாத்திரையை ஒழுங்காக உட்கொள்வதில்லை.' அவர் ஓர் உணவகத்தில் பரோட்டா மாஸ்டர். வயது 43. வரும்போதெல்லாம் இரத்த அழுத்தம் முந்தைய அளவைவிடக் கூடியே இருந்தது. நாங்கள் அறிவுரை கூறினோம். அவரும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். நான்காம் முறை உடன் வந்த அவர் மனைவிதான் உண்மையை உடைத்தார்: "அந்த மாத்திரை போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருதாம் சார். கல்லை விட்டுட்டு எப்படிப் போவாரு?"

சிறுநீரைக் கூடுதலாகப் பிரியச் செய்து அழுத்தத்தைக் குறைக்கும் வகை மாத்திரை அது. அவர் வேலை பார்த்த இடத்தில் கழிப்பறை பின்கட்டில், மாடிப்படிக்கு அடியில் இருந்தது. மாலை ஏழு மணிக்குமேல் கல் நிறையப் பரோட்டா வெந்துகொண்டிருக்கும். ஐந்து நிமிடம் நகர்ந்தால் கருகும், கருகினால் ஏச்சு. ஆகவே மாத்திரையை விட்டார். தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டார். அடுப்பின் வெக்கையில் வியர்வையாக வெளியேறிய நீர் உடலுக்குத் திரும்பவில்லை. தோள்வலிக்கும் கால்வலிக்கும் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய வலிமாத்திரை நாள்தோறும் ஒன்றோ இரண்டோ உள்ளே போயிற்று. நீர் வற்றிய உடலில் அத்தகைய மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இரத்த அழுத்தத்தையும் ஏற்றும்.

குறிப்பேட்டில் இருந்த வரி பொய்யில்லை. ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதியைக் கேட்டறியும் பொறுப்பு எங்களுடையது. 'என்ன வேலை, எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், எப்போது சாப்பிடுகிறீர்கள்' என்று மூன்று கேள்விகள் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகியிராது. நாங்கள் கேட்கவில்லை.

இதிலிருந்து நாங்கள் வந்தடைந்த கருத்தை மறைக்காமல் சொல்கிறோம். வேலையே நோயைத் தருகிறது என்று தெரிந்தபின், அந்த வேலையை மாற்றுவதும், மாற்ற இயலாவிடில் விடுவதும் சிகிச்சையைச் சேர்ந்தவை. மருந்துச் சீட்டைக் கொடுத்து, மீண்டும் அதே அடுப்பின் முன் அவரை அனுப்பிவைப்பதை நாங்கள் முழுமையான வைத்தியமாகக் கருதவில்லை.

மாதச் சம்பளமும் நாற்காலியும் உடைய நாங்கள் இதைச் சொல்வது எளிது என்பதை அறிவோம். இந்த மனிதர் பன்னிரண்டு வயதில் மேசை துடைக்க வந்தவர். பிறகு மாவு பிசைந்தார். பிறகு கல்லுக்கு வந்தார். இன்று அவர் வீசும் பரோட்டாவுக்கென்றே ஆட்கள் வருகிறார்கள். ஊரில் அவருக்குப் பெயரே 'மாஸ்டர்' தான். அந்தப் பெயரைக் கழற்றி வைப்பது சட்டையைக் கழற்றுவது போன்றதன்று. 'இதை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்?' என்று அவர் கேட்டபோது எங்களில் எவரிடமும் உடனடி விடை இல்லை.

ஆயினும் உடலின் கணக்கு வேறு. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் என்றால் 72 மணி நேரம். வாரத்திற்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதயத்தமனி நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் கூடுதல் என உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அடுப்படியில் இதனுடன் வெப்பமும் புகையும் சேர்கின்றன. மாவுத் தூசியால் வரும் ஆஸ்துமாவோ மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த தொழில்நோய். நின்றே கழியும் நாள்களில் காலில் நரம்பு சுருண்டு புடைக்கிறது. பிற்பகல் நான்கு மணிக்கு மதிய உணவும் நள்ளிரவில் இரவு உணவும் உண்பவருடைய நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை மட்டும் என்ன செய்யும்?

கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிவோர் அமர இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. துணிக்கடைப் பெண்களின் நிலை அன்று பரவலாகப் பேசப்பட்டது. அடுப்படியை எவரும் அவ்வளவாக நினைக்கவில்லை. இதை எழுதும் முன் எங்கள் மருத்துவமனை உணவகத்தின் சமையற்கூடத்தையே போய்ப் பார்த்தோம். ஒரு நாற்காலி இருந்தது. அதன்மேல் வெங்காய மூட்டை இருந்தது. மூட்டையை இறக்கச் சொல்லியிருக்கிறோம்.

இனி, விடுவதைப் பற்றி. ஏச்சு வாங்கிய இரவில் கோபத்துடன் மேல்துண்டை உதறிவிட்டு வெளியேறுவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. முதலில் அதே இடத்தில் வேறு வேலை கிடைக்குமா என்று பாருங்கள். காய்கறி அரிவது, சரக்கு வாங்குவது, காலை முறைக்கு மாறுவது ஆகியவை சிலருக்குப் போதுமானவையாக இருந்துள்ளன. உங்கள் மருத்துவரிடம் வேலையை விவரித்துச் சொல்லுங்கள். மாத்திரையின் வகையையோ நேரத்தையோ மாற்ற வழியிருக்கலாம். நீங்களாக மட்டும் மருந்தை நிறுத்தாதீர்கள். 'வெப்பமான இடத்தில் நெடுநேரம் நின்று பணிபுரியலாகாது' என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். முதலாளியிடம் வாய்ச்சொல் செல்லாத இடத்தில் அந்தத் தாள் சில வேளைகளில் செல்லும்.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா என்று பலருக்குத் தெரிவதில்லை. உண்டெனில், ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள்களுக்குப் பங்களிப்புச் செலுத்தியவர், மருத்துவர் சான்றளிக்கும் விடுப்புக்கு 70 விழுக்காடு ஊதியத்தை ஆண்டுக்கு 91 நாள் வரை பெறலாம். வேலையை விட்ட அன்றே எல்லாம் அற்றுப்போவதுமில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலுத்திய பங்களிப்புக்கான பயன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நீளும். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பணிபுரிந்தவருக்குப் பணிக்கொடை உரிமை உண்டு. நோயால் தம் வேலையைச் செய்ய இயலாமற்போனவருக்கு அந்த ஐந்தாண்டு நிபந்தனையும் கிடையாது. இவற்றைக் கேளாமலே வெளியேறியவர்கள் பலர். சம்பளச் சீட்டே காணாத சிறிய உணவகங்களில் இந்தப் பேச்சுக்கே இடமிராது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

பெரிய தடை முன்பணம். மகள் திருமணத்திற்கோ வீட்டுச் செலவுக்கோ வாங்கிய தொகை தீரும்வரை நகரக்கூடாது என்று பலர் நம்புகிறார்கள், அல்லது நம்பவைக்கப்படுகிறார்கள். முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்துவைக்கச் சட்டம் இடந்தரவில்லை. இச்சிக்கல் உள்ளவர்கள் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகலாம்.

சிலருக்குக் காத்திருக்க நேரமில்லை. அடுப்பருகே மயங்கி விழுந்தவரும் வேலையிடையே நெஞ்சுவலி கண்டவரும் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். கால் மரத்துப்போய்ச் சூட்டுக்காயம் பட்டதே தெரியாத சர்க்கரை நோயாளரும் அப்படியே. விடுமுறை நாளில் மூச்சுத் திணறல் தணிந்து, வேலைக்குத் திரும்பியதும் மீண்டும் வருமானால், அதை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். காரணம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் முக்கியமான தடயம் அது.

உடனிருந்து கவனிப்போருக்கு ஒரு வேண்டுகோள். "எல்லாரும்தானே செய்யிறாங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்பதை அன்போடுதான் சொல்கிறீர்கள். ஆனால் அதைக் கேட்ட பிறகு நோயாளர் தம் வலியை வீட்டில் சொல்வதை நிறுத்திவிடுகிறார். மாதத்திற்கு உண்மையில் எவ்வளவு வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்று ஒரு தாளில் இருவருமாக எழுதிப் பாருங்கள். அந்தக் குடும்பத்தில் அப்படி எழுதியவர் மனைவிதான். மருந்துக்கும் வலிமாத்திரைக்கும் மாதந்தோறும் ஆன செலவையும் அவர் கணக்கில் சேர்த்திருந்தார். கணவர் அதை எதிர்பார்க்கவில்லை.

அவர் இப்போது காலை ஐந்து மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரை இட்லி மாவு அரைத்து விற்கும் கடையில் இருக்கிறார். வருமானம் குறைந்திருக்கிறது. மகனுடைய கல்லூரிக் கட்டணத்தைத் தவணையில் கட்டுகிறார்கள். கால் நரம்பு புடைத்தது புடைத்தபடிதான் இருக்கிறது. அதற்குத் தனியே சிகிச்சை பார்க்கிறோம். மாத்திரையை நாள்தோறும் உட்கொள்கிறார். அழுத்தம் முன்பைவிட இறங்கியிருக்கிறது. சென்ற முறை வந்தபோது, பழைய கடையில் தம் கல்லில் இப்போது நிற்கும் பையன் மாவைச் சரியாக ஊறவிடுவதில்லை என்று வெகுநேரம் குறைபட்டுக்கொண்டிருந்தார்.