இலைக்கு அடியில் புள்ளியா? மருந்து அடிக்காதீங்க!

“தொட்டியில் வைத்த பெரணிச் செடியின் இலைக்கு அடியில் பழுப்புப் பொட்டுகள் வந்திருக்கின்றன. பூச்சிதான், மருந்து அடித்துவிடு என்கிறார் பக்கத்து வீட்டு மாமி. தவழுகிற குழந்தை இருக்கிற வீடு. பேசாமல் தொட்டியையே தூக்கிப் போட்டுவிடட்டுமா?” என்று கேட்கிறார் ஒரு வாசகி.

வேண்டாம் அம்மா! மருந்து பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, இலையைத் திருப்பி நிதானமாகப் பாருங்கள். பொட்டுகள் இலையின் அடிப்பக்கத்தில் மட்டும், கோலப் புள்ளி மாதிரி ஒரே அளவாய், வரிசை தப்பாமல் இருக்கின்றனவா? அப்படியானால் அது பூச்சியல்ல. செடி கர்ப்பமாக இருக்கிறது, அவ்வளவுதான்!

செதிள் பூச்சி இப்படி ஒழுங்காக உட்காராது. காம்பில் ஒன்று, நரம்போரம் நாலு என்று கண்டபடி ஒட்டியிருக்கும். இலை பிசுபிசுக்கும், எறும்பு ஏறும். நகத்தால் சுரண்டினால் ஈரமாக நசுங்கும். அப்போதும் சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுத்தால் பெரும்பாலும் போதும். வீட்டுக்குள் விஷம் தெளிப்பானேன்?

பெரணிக்குப் பூ கிடையாது, காய் கிடையாது, விதையும் கிடையாது. ஐரோப்பாவில் அந்தக் காலத்து ஜனங்கள், இதன் விதை கண்ணுக்கே தெரியாது, அது கையில் கிடைத்தால் நாமும் மறைந்து உலாவலாம் என்று நம்பினார்களாம். உண்மையில் இருப்பது விதையல்ல, தூசி போன்ற வித்துத் துகள். அந்தத் துகள் விளைகிற இடம்தான் நம் பழுப்புப் பொட்டு.

பூதக்கண்ணாடி இருந்தால் எடுத்து வாருங்கள். நர்சரிகளில் நிறைய விற்கும் வாள் போல நீண்ட பெரணியில், இளம் பொட்டின் மேல் வெளிறின சவ்வு ஒன்று மூடியிருக்கும். வடிவம் அசல் முந்திரிப்பருப்பு. அதற்கடியில் காம்பு வைத்த குட்டிக் குட்டி உருண்டைப் பைகள் கொத்தாக இருக்கும். பெரும்பாலான பெரணிகளில் ஒவ்வொரு பையிலும் 64 துகள்கள். பச்சைப் பிள்ளையைத் துணியில் சுற்றி வைப்பது போல, காற்றில் காய்ந்துவிடாமல் அந்தச் சவ்வு காக்கிறது. துகள் முற்றினதும் சவ்வு சுருங்கி ஒதுங்கிக்கொள்ளும். பொட்டு பழுப்பாக மாறுவது அப்போதுதான். அந்தச் சமயம் பார்த்துத்தான் நாம் பயந்து போகிறோம்!

கறுப்புக் கம்பி போன்ற காம்பும் மெல்லிய விசிறி இலையும் உள்ள மெய்டன்ஹேர் பெரணிக்கு இந்தச் சவ்வு இல்லை. அது இலை ஓரத்தையே உள்பக்கமாக மடித்து, புடவைத் தலைப்பால் பிள்ளையைப் போர்த்துகிற மாதிரி போர்த்திவிடும். எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். கொல்லிமலையில் சூப்பு வைக்க விற்கிறார்களே முடவாட்டுக்கால் கிழங்கு, அதுவும் ஒரு பெரணியின் தண்டுதான், தெரியுமோ? அதன் பொட்டுகளுக்கு மூடியே கிடையாது. எல்லாத் தாயும் ஒரே மாதிரியா பிள்ளை வளர்க்கிறாள்?

இனிமேல்தான் வேடிக்கை. ஒவ்வொரு பையின் முதுகிலும் தடித்த வளையம் ஒன்று ஓடுகிறது. வெயில் ஏறினால் வளையத்தின் அறைகளில் உள்ள தண்ணீர் வற்றும். வெளிச்சுவர் மெல்லிசு என்பதால் உள்ளே இழுபடும். வளையம் நிமிர்ந்து, பை பிளந்து, கவண் மாதிரி பின்னால் வளையும். இழுவை தாங்காமல் மிச்சத் தண்ணீரில் குமிழி வெடித்ததும் ‘சடக்’கென்று திரும்பி, துகள்களை வீசி எறிந்துவிடும். 2012-ல் விஞ்ஞானிகள் அதிவேகக் காமிரா வைத்துப் படம் பிடித்தார்கள். நாம் கண் சிமிட்டுகிற நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை!

குழந்தைகளுக்கு லீவு விட்டதும் இதைச் செய்து காட்டுங்கள். பொட்டு நன்றாகப் பழுத்த இலையை வெள்ளைக் காகிதத்தின் மேல், அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, இன்னொரு காகிதத்தால் மூடுங்கள். ஃபேன் காற்று படக் கூடாது. இரண்டு நாளில், இலையின் பொட்டு வரிசை அப்படியே பொடிக் கோலமாக விழுந்திருக்கும்.

அந்தப் பொடியைக் கொதிநீர் ஊற்றி ஆறவைத்த ஈரமண்ணில் தூவி, கண்ணாடி பாட்டிலில் மூடி வையுங்கள். (கடையில் வாங்கும் சில ஒட்டு ரகங்களின் துகள் முளைக்காது, சுவரோரம் தானாக முளைத்த பெரணி உத்தமம்.) 1829-ல் லண்டன் டாக்டர் வார்டு, அந்துப்பூச்சிக் கூடு ஒன்றை ஈரமண்ணோடு பாட்டிலில் போட்டு மூடினார். அதில் பெரணி ஒன்று தானே முளைத்துவிட்டது! கண்ணாடிப் பெட்டிக்குள் செடி வளர்க்கும் வழக்கம் பரவியது அதற்குப் பிறகுதான்.

சில வாரத்தில் மண் மேல் பச்சைப் பாசி போலப் படரும். பிறகு சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாய், இதய வடிவில் தகடுகள் தெரியும். பாசி என்று சுரண்டி எறிந்துவிடாதீர்கள். ஆண் அணு பெண் அணுவிடம் நீந்திப் போக வேண்டியது இந்தத் தகட்டின் அடிப்பக்கத்தில்தான். ஆகவே அவ்வப்போது ஆறின வெந்நீரைப் பனி போலத் தெளித்து மூடிவிடுங்கள். சுருண்ட தலையோடு முதல் குட்டி இலை எட்டிப் பார்க்கச் சில மாதங்கள் பிடிக்கும்.