அந்தக் கேள்வியைக் கேட்டதே தப்பு

"ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடுறதுதான் போனவனுக்குச் செய்ற உண்மையான மரியாதை." மைதானத்துல வீரர் சாகுற செய்தி எது வந்தாலும் கீழே இந்த கமெண்ட் இருக்கும், லைக்கும் குவியும். எனக்கு இதுல உடன்பாடு இல்ல. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க. (இழை)

2021 ஜூன் 12, கோபன்ஹேகன். யூரோ கோப்பை, டென்மார்க் - பின்லாந்து. முதல் பாதி முடியப்போற நேரம், கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் மோதாமலே சரிஞ்சு விழுந்தார். கார்டியாக் அரெஸ்ட். புல்தரையிலேயே சிபிஆர், ஷாக். கேமரா பார்க்கக் கூடாதுன்னு சக வீரர்கள் சுத்தி வட்டமா நின்னாங்க. சில பேர் அழுதுட்டே நின்னாங்க.

எரிக்சன் பிழைச்சுட்டார். ஆனா அந்த வட்டத்துல நின்னவங்க அந்த நிமிஷம் பார்த்தது ஒரு சாவைத்தான்.

ரெண்டு மணி நேரம்கூட ஆகல, அதே மைதானத்துல ஆட்டம் மறுபடி தொடங்குச்சு. ஆஸ்பத்திரியில அவர் கண் முழிச்சுட்டார்னு தெரிஞ்ச பிறகுதான், ஒத்துக்கிறேன். "ரெண்டு அணி வீரர்களும் கேட்டுக்கிட்டாங்க"ன்னு யூஃபா சொல்லுச்சு. ஆனா அவங்க முன்னாடி இருந்த வழி ரெண்டுதான்: இன்னைக்கு ராத்திரி ஆடு, இல்லனா நாளைக்கு மதியம் ஆடு. இன்னும் தள்ளிப்போட முடியாததுக்கு யூஃபா சொன்ன காரணம் என்ன தெரியுமா? ரெண்டு ஆட்டத்துக்கு நடுவுல வீரர்களுக்கு 48 மணி நேர ஓய்வு வேணுமாம்.

தொடைத் தசைக்கு 48 மணி நேரம். நண்பனோட நெஞ்சை யாரோ அமுக்குறதைப் பார்த்த மனசுக்கு ரெண்டு மணி நேரம்கூட இல்ல.

கேப்டன் சைமன் கேயர், எரிக்சனோட நெருங்கிய நண்பர். விழுந்ததும் முதல்ல ஓடி வந்தவங்கள்ல ஒருத்தர். ரெண்டாம் பாதியில தன்னால முடியலன்னு வெளியே போயிட்டார். ஆடியிருக்கவே கூடாதுன்னு கோச் காஸ்பர் ஹுல்மண்ட் பிறகு வெளிப்படையா சொன்னார். டென்மார்க் 0-1ன்னு தோத்துச்சு. அதை என் வாதத்துக்கு ஆதாரமா நான் காட்ட மாட்டேன். ஜெயிச்சிருந்தாலும் அந்த முடிவு தப்புதான்.

ஏன்னா முடிவு எடுத்தவங்க அப்போ முடிவு எடுக்கிற நிலையில இல்ல. கடும் அதிர்ச்சியில இருக்கிற மனுஷன் பக்கத்துல இருக்கிறவன் என்ன சொல்றானோ அதுக்குத் தலையாட்டுவான். கேஷுவாலிட்டி வாசல்ல தினமும் பார்க்கிறோம். "சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்"னு சொல்லிட்டு, பத்து நிமிஷம் கழிச்சு "என்ன சொன்னீங்க?"ன்னு கேட்பாங்க.

மூளைச்சாவுல என்ன செய்றோம்? ஆறு மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை பரிசோதனை செஞ்சுதான் உறுதி பண்ணணும். உறுப்பு தானம் பத்தின பேச்சை, சாவைச் சொல்ற அதே மூச்சுல எடுக்கக் கூடாதுன்னு சொல்லிக்கொடுத்திருக்காங்க. செய்தி உள்ளே இறங்கணும், அப்புறம்தான் கேள்வி. ஒரு உயிரைக் காப்பாத்துற கேள்விக்கே அவ்வளவு பொறுமை. கால்பந்துக்கு என்ன அவசரம்?

2003 இன்னும் மோசம். ஜூன் 26, பிரான்ஸ் நாட்டு லியோன், கான்பெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதி. 72வது நிமிஷம் கேமரூனோட மார்க்-விவியன் ஃபோ நடுக்களத்துல தனியா விழுந்தார். தூக்கிட்டுப் போனாங்க, ஆட்டம் தொடர்ந்துச்சு. கேமரூன் ஜெயிச்சது. அதுக்கப்புறம்தான் வீரர்களுக்குச் செய்தி வந்துச்சு. மூணே நாள்ல ஃபைனல், அதையும் ஆடினாங்க. கோப்பையை பிரான்ஸ் கேப்டன் தேசாயி, கேமரூன் கேப்டன் சாங்கோட சேர்ந்து தூக்கினார். உருக்கமான படம், நானும் பார்த்தேன். அந்த உருக்கம்தான் பிரச்சினையே. படம் நல்லா வந்துட்டா, அதுக்குள்ள இருந்த பதினோரு பேர் மூணு ராத்திரி தூங்கினாங்களான்னு யாரும் கேட்கிறதில்ல.

அப்போ ஆடவே கூடாதுன்னு சொல்றேனா? இல்ல. 2014 நவம்பர் 25, சிட்னி. பவுன்சர் கழுத்துல பட்டு பிலிப் ஹியூஸ் விழுந்தார். 63 நாட் அவுட். வெர்டிப்ரல் ஆர்ட்டரி கிழிஞ்சு மூளையைச் சுத்தி ரத்தக்கசிவு. 27ஆம் தேதி போயிட்டார். ஷெஃபீல்டு ஷீல்டுல அந்தச் சுற்றையே கைவிட்டாங்க. டிசம்பர் 4 பிரிஸ்பேன்ல இந்தியாவோட தொடங்கவேண்டிய டெஸ்ட் தள்ளிப்போச்சு. முதல்ல அவரோட ஊர்ல அடக்கம், அப்புறம் 9ஆம் தேதி அடிலெய்டுல டெஸ்ட். தயாரில்லாதவங்களைக் குறைவா நினைக்க மாட்டோம்னு வாரியமே சொல்லுச்சு.

பந்து போட்ட ஷான் அபாட் அந்த வாரமே அதே சிட்னி மைதானத்துல திரும்ப பந்து போட்டார். 14 ரன்னுக்கு 6 விக்கெட். "பார்த்தீங்களா, ஆடினாத்தான் மனசு ஆறும்"னு இதைக் காட்டாதீங்க. ஸ்கோர்போர்டு மனநல ரிப்போர்ட் இல்ல. அவருக்கு ரெண்டு வாரம் கிடைச்சுது, பதில் அவருடையதா இருந்துச்சு. அது போதும் எனக்கு.

இப்போ சில பேர் கேட்பீங்க: "ஏன் டாக்டர், வார்டுல ஒரு சாவு விழுந்தா அடுத்த பேஷண்டைப் பார்க்காமலா போறீங்க?"

பார்க்கிறோம். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ, நைட் டியூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போன எங்க பேட்ச்மேட் ஒருத்தன் பைக் விபத்துல போயிட்டான். மறுநாள் காலையில ஓபி வழக்கம்போல. "அவனும் இதைத்தான் விரும்பியிருப்பான்"னு ஒருத்தர் சொன்னார். நானும் தலையாட்டினேன். அன்னைக்கு ஒரு சின்னக் குழந்தைக்குப் பெரியவங்க டோஸ் எழுதிட்டேன். பார்மசிஸ்ட் அக்கா சீட்டைத் திருப்பி அனுப்பினாங்க, இல்லனா என்ன ஆகியிருக்கும்னு இன்னைக்கும் நினைச்சா வயிறு கலங்குது. எங்க யூனிட்டை ஒரு நாள் விடுவிச்சு வேற யூனிட்டை உட்கார வெச்சிருக்கலாம். யாருக்கும் தோணல. அதனால எங்களை முன்னுதாரணமா காட்டாதீங்க. அதோட, ஓபி வாசல்ல காய்ச்சலோட குழந்தை காத்துட்டு இருக்கு. ஸ்டேடியத்துல காத்துட்டு இருக்கிறது டிவி ஸ்லாட்.

நான் கேட்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. களத்துல ஒருத்தர் இறந்தாலோ, சிபிஆர் தேவைப்பட்டாலோ அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சது. வீரர்களைக் கேட்கவே வேண்டாம், விதியே சொல்லட்டும். 2023 ஜனவரி 2, அமெரிக்காவுல டமார் ஹாம்லின் இதயம் நின்னு விழுந்தப்போ ரெண்டு கோச்சும் பேசி அணிகளை உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்த ஆட்டம் கடைசிவரை நடக்கவே இல்ல. லீக் இடிஞ்சு விழல. ஹாம்லின் பிழைச்சார், அவர் அணி ஆறு நாள் கழிச்சு அடுத்த ஆட்டம் ஆடுச்சு.

அடுத்த ஆட்டம் எப்போங்கிறது அடக்கம் முடிஞ்ச பிறகு அணி பேசட்டும். வேண்டாம்னு சொல்றவனோட இடமும் சம்பளமும் போகக் கூடாது, அவன் பேர் வெளியே வரக் கூடாது.

நம்ம ஊர்ல பொங்கலுக்கு கபடி, கிரிக்கெட் டோர்னமென்ட் நடத்துற அண்ணன்களுக்கும் இதே விதிதான். பரிசுத்தொகை, ஸ்பான்சர் பேனர், வெளியூர் டீம் வந்து இறங்கிட்டாங்க, எல்லாம் புரியுது. நோட்டீஸ்ல கடைசி வரியா இதை இப்பவே அச்சடிச்சுடுங்க, அன்னைக்கு மைக்கைப் பிடிச்சுட்டு யாரும் யோசிக்க வேண்டியிருக்காது. அப்படியே மைதானத்துல சிபிஆர் தெரிஞ்ச நாலு பேரும் ஒரு வண்டியும் இருக்கான்னு பாருங்க. கத்துக்க அரை நாள் போதும். கூப்பிட்டா நான் வர்றேன், டியூட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமையா மட்டும் சொல்லுங்க.