ஸ்கேன் கடிதமும் நமது கைக்காசும்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முன்றலில் உதவிக் கடிதத்துடன் நிற்பவர்களில் பலர் இப்பொழுது ஸ்கேன் எடுக்கவே காசு கேட்கின்றனர். லுணுகலை கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் நாம் ஒவ்வொருவரும் ஏதோவொரு தடவை அப்படியான கடிதத்துக்குக் கைகொடுத்திருப்போம். கொடுப்பது நன்மையான காரியம். ஆனால், கொடுத்த காசு நோயாளிக்குப் பயன்பட்டதா என்று பார்க்கும் பழக்கம் எம்மிடம் இல்லை. ஒரு மூடை பருப்பு எடுக்க நாலு கடை விசாரிக்கும் நாம், இவ்விடயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

எந்த நோய்க்கு எந்தப் படம் தேவை, எதற்குத் தேவையில்லை என்று வைத்தியர்களுக்குச் சொல்லும் வழிகாட்டிகள் உலகில் புதியவையல்ல. பிரித்தானியாவின் கதிரியக்க வைத்தியர்களுக்கான றோயல் கல்லூரி தனது முதலாவது வழிகாட்டியை 1989இல் வெளியிட்டது. கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992இல் கணுக்கால் சுளுக்குக்கு எளிய விதியொன்றைத் தந்தார்கள். எலும்பின் குறித்த சில இடங்களை அழுத்தும்போது வலியில்லை, நோயாளி நான்கு அடி நடக்கிறார் என்றால் எக்ஸ்ரே தேவையில்லை. அவ்விதியைப் பின்பற்றிய இடங்களில் கணுக்கால் எக்ஸ்ரேக்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தன. முறிவுகள் கண்ணில் படாமற் போகவுமில்லை.

எமது பகுதிக்கு இதைவிடப் பொருத்தமானது முதுகுவலி. மூடை தூக்கும் நாட்டாமைக்கும், மலையேறிக் கொழுந்து பறிக்கும் சகோதரிக்கும் அது வராமல் இருக்காது. சாதாரண முதுகுவலிக்கு முதல் ஆறு வாரங்கள் படம் எடுக்க வேண்டாம் என்பதே பல நாட்டு வழிகாட்டிகளின் ஆலோசனை. கால் பலமிழத்தல், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல், காய்ச்சல், முன்னர் புற்றுநோய் இருந்தமை, பலமாக விழுந்தமை போன்ற அபாய அறிகுறிகள் இருந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது.

ஏன் அப்படி? முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் அதிகமானோரின் படங்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வொன்று, 20 வயதினரில் 37 சதவீதமானோருக்கும், 80 வயதினரில் 96 சதவீதமானோருக்கும் முதுகெலும்புத் தட்டுகளில் தேய்வு இருந்ததாகக் கூறியது. சுகமாக நடமாடுபவருக்கே தேய்வு தெரியும்போது, வலியுள்ளவரின் படத்தில் தெரிவதுதான் வலிக்குக் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? படம் பயத்தைக் கொடுக்கிறது. பயம் அடுத்த வைத்தியரிடமும், அதற்கடுத்த செலவுக்கும் இழுத்துச் செல்கிறது. எம்.ஆர்.ஐ. இல் கதிர்வீச்சு இல்லை. ஆனால், வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சீ.டி. ஸ்கேனில் சுமார் 500 நெஞ்சு எக்ஸ்ரேக்களுக்குச் சமமான கதிர்வீச்சு உண்டு.

இன்னொரு பக்கமும் உண்டு. பெரிய நோய் என்றால் நாம் பசறை தாண்டிப் பதுளைக்கே ஓட வேண்டும். 2021 மார்ச்சில் லுணுகலையிலிருந்து சென்ற பஸ் பசறை 13ஆம் மைல்கல்லருகே பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் பலியானதை நாம் மறக்கவில்லை. தலையில் அடிபட்டு வருபவருக்கு சீ.டி. இயந்திரம் உடனே வேண்டும். தேவையற்ற படங்களால் வரிசை நீண்டால், தேவையுள்ளவரே பின்தள்ளப்படுகிறார்.

"சட்டம் ஏழைக்கு மட்டும்தானா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இலவச வைத்தியசாலையில் மட்டும் கட்டுப்பாடு வைத்துவிட்டு, காசுள்ளவருக்கு வெளியே கதவைத் திறந்துவிட்டால் அதற்குப் பெயர் வழிகாட்டல் அல்ல. பதுளைக்குப் போய்வர ஒரு தோட்டத் தொழிலாளிக்கு ஒருநாள் சம்பளமும் பஸ் காசும் நட்டம். அவரை "தேவையில்லை" என்ற ஒற்றைச் சொல்லோடு திருப்பி அனுப்பவும் கூடாது. ஏன் தேவையில்லை, என்ன அறிகுறி கண்டால் திரும்பி வர வேண்டும் என்பதைத் தமிழில் சொல்லி அனுப்ப வேண்டும்.

தனியார் வைத்திய நிலையங்களைப் பதிவு செய்ய 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமும், கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கு 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டமும் எம் நாட்டில் உள்ளன. அரசோ தனியாரோ, படம் எடுக்க அனுப்பும் காரணம் கடிதத்தில் எழுதப்பட வேண்டுமென அதிகாரிகள் கண்டிப்பாக நிற்க வேண்டும். தரகு எங்கு நுழைந்தாலும் விலை ஏறும் என்பது வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமெரிக்காவில் அரச காப்புறுதி பெறும் நோயாளிகளை, வைத்தியர் தனக்குப் பங்குள்ள ஸ்கேன் நிலையத்துக்கு அனுப்புவதை, சில விலக்குகளுடன், 1993இலேயே சட்டத்தால் தடுத்தார்கள்.

நாம் செய்யக்கூடியவையும் உண்டு. பள்ளிவாசல் ஸகாத் குழுக்கள் உதவிக் கடிதத்துடன் வைத்தியரின் பரிந்துரையையும் கேட்கட்டும். சந்தேகமிருந்தால் அரச வைத்தியர் ஒருவரின் ஆலோசனை பெறட்டும். தேவையானால் முழுத்தொகையையும் நிலையத்துக்கே நேரடியாகச் செலுத்தட்டும். அவசர நோயாளியை விசாரணையில் நிறுத்தி வைக்க வேண்டாம். எங்கள் கடைப் பையன்களுக்கு முதுகு பிடித்தால், ஸ்கேனுக்குக் காசு நீட்டுவதற்கு முன் பாரந்தூக்கும் வேலையிலிருந்து சில நாட்கள் விலக்கிச் சம்பளத்துடன் லேசான வேலை கொடுப்போம்.

ஸகாத்தும் ஸதகாவும் அமானிதம். வீண்விரயம் மார்க்கம் வெறுத்த ஒன்று. ஒரு தேவையற்ற படத்தின் காசு மிஞ்சினால், ஒரு தேவையான படம் இன்னொரு வீட்டில் உயிர் காக்கும், இன்ஷா அல்லாஹ்.