படபடப்புன்னா உடனே கேஸ்தானா?

பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்துல தினமும் ஓடுற பய “நெஞ்சு திடீர்னு படபடன்னு அடிக்கு”ன்னு சொன்னா, நம்மூர்ல ரெண்டே தீர்ப்பு: கேஸ், இல்லேன்னா டென்ஷன். ஓமத்தண்ணி குடிச்சுட்டுப் படுலே!

மிஞ்சிப்போனா ஒரு ஈசிஜி. நார்மல்னு அனுப்பிருதாங்க. மக்கா, அது பதியுறது பத்து செகண்டுதான். தாமிரபரணில வெள்ளம் வடிஞ்ச பொறவு வந்து அளந்துட்டு, வெள்ளமே வரலைன்னு சொன்னா எப்படி?

அடிக்கும்போதே ஓடிப்போய் ஈசிஜி எடுக்கணும். தினம் வந்தா 24 மணி நேர ஹோல்டர் போதும்; வாரத்துக்கு ஒருக்கா வந்தா இன்னும் நாள்கணக்குல பதியணும். தைராய்டு, ஹீமோகுளோபினும் பாக்கணும் (இதுக்குக்கூட சோம்பலா?). சுவிட்ச் போட்டாப்ல தொடங்கி, அணைச்சாப்ல நின்னா எஸ்.வி.டி.யா இருக்கலாம், அதை அப்லேஷன்ல பெரும்பாலும் குணமாக்கிரலாம்.

ஓடும்போதே மயங்கி விழுந்தாலோ, குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு செத்திருந்தாலோ, அன்னைக்கே இதய டாக்டர், எக்கோ. அவர் சொல்ற வரைக்கும் ஓட்டம் கிடையாது.