நாற்றத்தை அளக்க முடியாதாம்!

"நாற்றத்தை எவ்வாறு அளப்பது? அது அவரவர் மூக்கைப் பொறுத்த விடயமல்லவா?" கோழிப்பண்ணைக்கோ பன்றிப்பண்ணைக்கோ எதிராக அயலவர் முறையிடும்போதெல்லாம் பண்ணை முதலாளிமாரும் அவர்களுக்கு ஒத்தூதும் அதிகாரிகளும் கேட்கும் கேள்வி இது. அவர்கள் அறியாமல் கேட்கிறார்கள் என்று நான் நம்பவில்லை.

நாற்றத்தை அளக்கலாம். அதற்கென ஐரோப்பாவில் 2003 ஆம் ஆண்டிலேயே 13725 என்ற இலக்கத்தில் ஒரு நியமம் வெளியிடப்பட்டது. பண்ணைக் காற்றைப் பையில் அடைத்து, 30 மணித்தியாலங்களுக்குள் ஆய்வுகூடத்தில் தூய காற்றுடன் கலந்து, முகர்வோர் குழுவொன்றிடம் கொடுப்பர். குழுவில் சரிபாதிப் பேருக்கு மட்டுமே மணம் புலப்படும் நிலையை அடைய அக்காற்றை எத்தனை மடங்கு ஐதாக்க வேண்டியிருந்தது என்பதே அளவு. முகர்வோரும் கண்டபடி பொறுக்கப்படுவதில்லை. பியூட்டனோல் கொடுத்துச் சோதித்து, மிகக் கூர்மையான மூக்குடையோரையும் மிக மந்தமான மூக்குடையோரையும் விலக்கி விடுவர். (நமது நாட்டில் தேர்தல் வேட்பாளர் தெரிவு இத்துணைக் கண்டிப்புடன் நடைபெறுமாயின் எவ்வளவு நன்று!)

எனினும் ஒரு பைக் காற்று அயலவனின் வாழ்வைச் சொல்லிவிடாது. காற்று ஓய்ந்து, நிலத்தையொட்டிக் குளிர்ந்து தேங்கும் அந்தியிலும் விடியலிலுமே நாற்றம் கனக்கிறது. நம்மவர் பரிசோதனைக்கு வருவதோ வெயிலேறிய முற்பகல் பத்து மணிக்கு; அதுவும் பண்ணைக்காரருக்கு முன்னறிவித்துவிட்டு. 'முறைப்பாடு உறுதிப்படுத்தப்படவில்லை' என்ற ஒற்றை வரியுடன் கோப்பு மூடப்படுகிறது. அவ்வரியின் பிரதியை இணைத்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்கள் எத்தனையோ என் மேசைக்கு வந்ததுண்டு.

ஜேர்மனியரின் முறையைப் பாருங்கள். பயிற்றப்பட்ட ஒருவர் குடியிருப்பருகே பத்து நிமிடம் நின்று, பத்து வினாடிக்கு ஒரு தடவை முகர்ந்து குறிக்கிறார். அறுபது குறிப்புகளில் ஆறில் நாற்றம் இருந்தாலே அது 'நாற்ற மணித்தியாலம்' எனக் கணக்கிடப்படும். இரவு பகலென, பருவந்தோறும் இது தொடரும். ஆண்டின் மணித்தியாலங்களில் குடியிருப்புப் பகுதிக்கு 10 வீதம், கிராமத்துக்கு 15 வீதம் என்பதே எல்லை. 2008 ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி இறைச்சிக் கோழியின் நாற்றத்தை 1.5 ஆலும் பன்றியினதை 0.75 ஆலும் கறவைப் பசுவினதை 0.5 ஆலும் பெருக்குவர். கோழி நாற்றமே மனிதரை அதிகம் தொல்லைப்படுத்துகிறது என்பதை அரசே ஏற்றுக்கொண்டு எண்ணாக எழுதிவைத்திருக்கிறது!

அளவீட்டை வெறுப்போர் வேறு வழியையும் அறிவர். அமெரிக்காவின் வட கரோலினாவில் பன்றிக் கழிவைத் திறந்த குளங்களில் தேக்கி வயல்களில் விசிறுவது வழமை. ஸ்மித்பீல்ட் கம்பனியின் துணை நிறுவனத்துக்கு எதிராக அயலவர் பத்துப் பேர் தொடுத்த வழக்கில், வீட்டுச் சுவர்களில் பன்றி மலத்துக்குரிய பக்டீரியாவின் மரபணுத் தடயம் காணப்பட்டதாக நிபுணர் சாட்சியமளித்தார். 2018 ஏப்ரலில் ஜூரிமார் 50 மில்லியன் டொலருக்கு மேல் நட்டஈடு விதித்தனர். மாநிலச் சட்டத்தின் உச்சவரம்பு அதனை 3.25 மில்லியனாகச் சுருக்கியது. அத்துடன் விட்டார்களா? சில வாரங்களிலேயே அத்தகைய வழக்குகளைத் தொடுப்பதற்கே மாநிலச் சட்டசபை தடைகளை விதித்தது. கம்பனியே பொறுப்பு என்பதை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 இல் உறுதிசெய்த போதிலும் அத்தடைச் சட்டம் அயலவருக்குக் குறுக்கே நின்றது.

ஆகவே, அடுத்த முறை பரிசோதகர் உங்கள் வேலியருகே வந்து நின்றால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை மணிக்கு முகர்ந்தீர், எத்தனை நாள் முகர்ந்தீர், அப்போது காற்று எத்திசையில் வீசியது?