பாங்கு கேட்டால் நிற்குமா விளையாட்டு?

நெய்த அளவுக்கே கூலி பெறும் சங்கரன்கோவில் விசைத்தறிக் குடும்பங்களான நமக்கு நேரத்தின் விலை தெரியும். நம் பிள்ளைகள் 'அகெய்ன்ஸ்ட் த ஸ்டார்ம்' என்னும் கணினி விளையாட்டை வாங்கித் தரக் கேட்கின்றனர். போலந்தில் உருவாகி, 2023 டிசம்பரில் முழுமையாக வெளிவந்த இதில், மழை ஓயாத காட்டில் ஊர் அமைக்க வேண்டும். வென்றாலும் தோற்றாலும் அடுத்த ஊரைப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

திட்டமிடலையும் சிக்கனத்தையும் பழக்கும் விளையாட்டுத்தான். ஆயினும், 'இன்னும் ஓர் ஊர்' என்னும் ஆசையில் அஸர் தொழுகை தவறிவிடும். காலத்தின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் சூராவை ஓதும் நாம் பணத்தை மட்டும் கணக்கிடலாகாது.

விளையாட்டை இடையில் நிறுத்திவைக்கும் வசதி உண்டு. பாங்கு கேட்டதும் நிறுத்தும் மனம் உண்டா? கைப்பேசி விளையாட்டிலேயே ஒரு மாதம் சோதிப்போம். தொழ எழுந்தால் வாங்கித் தருவோம், இல்லையேல் பொறுத்திருப்போம். பெற்றோரின் கைப்பேசிக்கும் இதுவே விதி.